மேஜை விரிப்பில் 830 பெயர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் நகரத் திட்டமிடல் முதுகலை படிக்கிறேன். ரிங் ரோடு மேம்பாலத்துக்குக் கீழே 'வோல்கோகிராடு பிளேஸ்' என்று ஓர் இடம் இருக்கிறது. கோவென்ட்ரிக்கு இப்படி 20-க்கும் மேற்பட்ட சகோதரி நகரங்கள், அதாவது நட்பு ஒப்பந்தம் செய்துகொண்ட வெளிநாட்டு ஊர்கள். ரஷ்யாவின் வோல்கோகிராடு நம் சென்னைக்கும் சகோதரியாம். பருவக் கட்டுரைக்கு இதையே எடுத்துக்கொண்டேன். மேயர்கள் ஊர் சுற்றுவதைத் தவிர முதலீடு, வேலைவாய்ப்பு என்று இதனால் ஏதாவது நடந்திருக்கிறதா? போர்க்காலத்தில் இங்குள்ள 830 பெண்கள் ஒரு மேஜை விரிப்பில் பெயரைத் தைத்து அந்த ஊருக்கு அனுப்பினார்களாம். வெறும் சென்டிமென்ட் என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

க.

அன்புள்ள க.,

முதலீட்டுக் கணக்கை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். மேயர்கள் ஊர் சுற்றுவதைத் தணிக்கைக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் எழுத உட்கார்ந்தது நீங்கள் போட்ட அந்த 'வெறும்' என்ற சொல்லுக்காக. போன மாதம்தான் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தோம், அன்றிலிருந்து தையலைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி, துணியில் ஒரு பெயரைத் தைக்க எவ்வளவு நேரமாகும் தெரியுமா? பென்சிலால் எழுதி, கார்பன் வைத்துத் துணியில் இறக்கி, வளையத்தில் இறுக்கி, ஆறு இழை நூலில் இரண்டு இழையை மட்டும் பிரித்துக் கோத்து, சங்கிலித் தையலில் ஒவ்வோர் எழுத்தாக வளைத்துக்கொண்டு வரவேண்டும். வளைவு கோணினால் பிரித்துவிட்டு மறுபடி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், மூன்றெழுத்துப் பெயருக்கே அரை மணி நேரம் போய்விடும்.

1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் கோவென்ட்ரியைத் தரைமட்டமாக்கின, 500-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், தேவாலயம் எரிந்தது, அந்த மொட்டைச் சுவர்கள் இன்னும் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதே ஊர்ப் பெண்கள்தான், தங்கள் வீட்டுக்கே கூரை சரியாக இல்லாத காலத்தில், வேறொரு ஊர் எரிகிறது என்று கேட்டுத் தலைக்கு ஆறு பென்ஸ் போட்டு விரிப்பில் பெயரை ஏற்றினார்கள். 'பெரிய இரக்கத்தைவிடச் சிறிய உதவி மேல்' என்பது அதில் தைத்த வாசகம். வோல்கோகிராடின் பெயர் அப்போது ஸ்டாலின்கிராடு, 1944-ல் அதுவும் கோவென்ட்ரியும் சகோதரி நகரங்களாயின. விரிப்பு இன்றும் வோல்கோகிராடு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதற்குப் பெயர் வெறும் சென்டிமென்ட்டா? படித்த பிள்ளை எழுதுகிற வாக்கியமா இது?

அதோடு முடியவில்லை. 1947-ல் ஜெர்மனியின் கீலோடும், 1959-ல் டிரெஸ்டனோடும் கோவென்ட்ரி கைகோத்தது. குண்டு போட்ட நாட்டோடு, குண்டு வாங்கிய இன்னொரு ஊரோடு. சென்னையின் இன்னொரு சகோதரி, அமெரிக்காவின் டென்வர், இந்த உறவுகளை எப்படித் தொடங்கியது என்று பாருங்கள்: அமாண்டா க்னெக்ட் என்ற அந்த ஊர் ஆசிரியை, போரில் இடிந்த பிரான்ஸ் நாட்டு பிரெஸ்ட் நகரத்தைப் பார்த்துவிட்டு வந்து, தன் மாணவர்களைக் கொண்டு சில்லறையாகவே 32,000 டாலர் சேர்த்தார், ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்காக. 1948-ல் டென்வரும் பிரெஸ்டும் சகோதரிகளாயின. மேயர் பிற்பாடு வந்தார்.

இப்போது எனக்கு ஆறாத விஷயத்துக்கு வருகிறேன். உக்ரைன் போர் தொடங்கியதும் 2022-ல் கோவென்ட்ரி நகர மன்றம் வோல்கோகிராடு உறவை நிறுத்திவைத்தது. படையெடுத்தவர்கள் செய்தது அநியாயம், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் போரில் பிறந்த உறவை இன்னொரு போரைக் காட்டி நிறுத்துவது எப்படி? ஜப்பானின் ஓசாகா மேயரும் இதைத்தான் செய்தார். போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் சிறைவைத்துச் சீரழித்த பெண்களுக்கு சான்பிரான்சிஸ்கோவில் சிலை வைத்தார்கள் என்று, 1957 முதல் இருந்த உறவை 2018-ல் அறுத்தார். சண்டை வந்தால் தூதரகங்கள் மூடும், அது அரசாங்க வழக்கம். ஊருக்கும் ஊருக்கும் உள்ள உறவு அந்த நேரத்துக்காகவே அல்லவா இருக்கிறது?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டோடு மதில் தகராறு. அப்பாவும் அந்த வீட்டு மாமாவும் கோர்ட்டுக்குப் போனார்கள். அம்மாவும் அந்த வீட்டு அத்தையும் மட்டும் கொல்லைப்புறத்தில், அதே மதில் மேலாக, நூல்கண்டும் டிசைன் காகிதமும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்தது. "கேஸ் முடிகிற வரைக்கும் நிறுத்தி வை" என்றார், அவ்வளவுதான். அம்மா நிறுத்தினாள். நான்கு வருடம் கழித்து வழக்கு சமாதானமாகி, அப்பாவும் மாமாவும் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். அம்மாவும் அத்தையும் பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள், "சாப்பிட்டாச்சா" என்பார்கள். கொல்லைப்புறத்துக்கு இருவரும் போகவே இல்லை. ஏன் என்று நான் கேட்டபோது, "விட்டுப்போச்சுடி" என்றாள் அம்மா.

பெட்டியில் கிடைத்தது ஒரு தலையணை உறை. ஒரு ரோஜா முழுசாக இருக்கிறது, இன்னொன்றுக்குக் கார்பன் கோடு மட்டும், அதில் குத்தியபடியே துருப்பிடித்த ஊசி. டிசைன் காகிதத்தின் ஓரத்தில் அத்தையின் கையெழுத்தில் 'இலைக்கு இளம்பச்சை போடு' என்று எழுதியிருக்கிறது.

கட்டுரையை நன்றாக எழுதுங்கள், தம்பி. குளிர் காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 'வெறும்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா