4 மேசையில் ஆடி 600 டொலர் போனஸ் எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு 31 வயது. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் மனைவியோடும் 2 வயது மகளோடும் வாடகை வீட்டில் இருக்கிறேன். பண்டகசாலையில் வேலை, ஆண்டுக்கு 48,000 டொலர். மனைவி இப்போது வேலைக்குப் போவதில்லை. முதல் வீட்டுக்கென்று 6,000 டொலர் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. வேலையிடத்து நண்பன் ஒருவன் இணையத்தில் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுகிறான். முதன்முதலாகப் போடும் காசுக்குச் சமமாக 600 டொலர் வரை போனஸ் தருகிறார்களாம். 5 சதம்/10 சதம் மேசைகளில் (கட்டாய ஆரம்பப் பந்தயம் 5 சதமும் 10 சதமும்) நாலை ஒரே நேரத்தில் திறந்து கவனமாக ஆடினால், வெல்லாவிட்டாலும் தோற்காமல் இருந்தாலே போதும், போனஸ் முழுக்க லாபம் என்கிறான். விதிகளை வாசித்தேன். நான் கட்டும் ஒவ்வொரு டொலர் ரேக்குக்கும் (தளம் எடுக்கும் கட்டணம்) 5 புள்ளி, 100 புள்ளி சேர்ந்தால் போனஸில் 5 டொலர் விடுவிப்பார்கள், 60 நாள் தவணை. மகள் படுத்த பிறகு இரவில் 2 மணித்தியாலம் ஆடலாம். சனிக்கிழமை மேலதிக வேலையை விட்டால் இன்னும் நேரம் கிடைக்கும். கடன் அட்டையில் 600 போட்டுத் தொடங்கலாமா? வெளிநாட்டுத் தளம் ஒன்று இதைவிடப் பெரிய போனஸ் தருகிறது என்றும் சொல்கிறான்.

பதில்: தம்பி, விதிகளை வாசித்து எண்களோடு எழுதியிருக்கிறீர்கள். பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தும் பார்ப்பதில்லை. நீங்கள் தந்த எண்களை வைத்தே கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் ரேக். ஊரில் நாங்கள் 304 சீட்டு ஆடும்போது வீட்டுக்காரருக்கு யாரும் கட்டணம் கட்டுவதில்லை, இருக்கிற காசு ஆட்களுக்குள்ளேயே சுற்றும். இணையப் போக்கரில் அப்படி இல்லை. மேசையில் சேரும் பணத்தில் ஏறக்குறைய 5 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும், அதுதான் ரேக். வெல்பவரின் கைக்குப் போகுமுன்பே அது கழிந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் விதிப்படி 20 டொலர் ரேக் கட்டினால் 100 புள்ளி, அதற்கு 5 டொலர் போனஸ். அதாவது நீங்கள் கட்டிய கட்டணத்தில் கால் பங்கை உங்களுக்கே திருப்பித் தருகிறார்கள். 600 டொலரும் கைக்கு வரவேண்டுமானால் நீங்கள் 2,400 டொலர் ரேக் கட்டியிருக்க வேண்டும்.

5 சதம்/10 சத மேசையில் அவ்வளவு கட்ட முடியுமா? ஆறு பேர் இருக்கும் மேசையில் மணித்தியாலத்துக்கு 70 கை, அதாவது 70 சுற்று ஆட்டம், அளவில் நடக்கும். நாலு மேசைக்கு 280 கை. இந்தச் சிறு மேசைகளில் 100 கைக்கு உங்கள் பங்கு ரேக் 80 சதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணித்தியாலத்துக்கு 2 டொலர் 24 சதம் வரும். அதில் கால் பங்கு 56 சதம்.

ஒரு மணித்தியால உழைப்புக்கு 56 சதம், தம்பி. முழுப் போனஸையும் எடுக்க 1,070 மணித்தியாலத்துக்கு மேல் ஆடவேண்டும். 60 நாளில் என்றால் நாளுக்கு 18 மணித்தியாலம்.

நீங்கள் சொன்னபடி இரவில் 2 மணித்தியாலம் ஆடினால் 60 நாளில் 120 மணித்தியாலம், 33,600 கை. ரேக் 269 டொலர் அளவில் போகும். போனஸ் ஐந்தைந்து டொலராக வருவதால் 65 டொலர் கிடைக்கும். மிச்சம் 535 டொலர் தவணை முடிந்து அழிந்துவிடும். விளம்பரத்தில் 600 என்று இருந்தது உங்களுக்கு 65 ஆகிவிடுகிறது.

“தோற்காமல் இருந்தாலே போதும்” என்று நண்பர் சொன்னது இலேசான காரியம் என்று நினைக்க வேண்டாம். ரேக் கட்டிய பிறகும் சமமாக நிற்பதென்றால், அந்த 269 டொலரை நீங்கள் மற்ற ஆட்களிடமிருந்து ஏற்கெனவே வென்றிருக்க வேண்டும். சமமாக ஆடுபவராகத் தெரிபவர் உண்மையில் மேசையின் நல்ல ஆட்டக்காரர்களில் ஒருவர். 100 கைக்கு 20 சதம் மட்டும் தோற்கிறீர்கள் என்றால் 33,600 கையில் 67 டொலர் போய்விடும். போனஸ் அங்கேயே தீர்ந்தது. அதைவிட வேகமாகத் தோற்பவர்கள் இந்த மேசைகளில் நிறையப் பேர்.

இன்னொன்றும் இருக்கிறது. திறமை எவ்வளவு இருந்தாலும் சீட்டு விழும் விதம் உங்கள் கையில் இல்லை. இந்த மேசையில் 33,600 கை ஆடி முடிக்கும்போது, உண்மையிலேயே சமமாக ஆடக்கூடிய ஒருவரின் கணக்கு 150, 160 டொலர் மேலேயோ கீழேயோ நிற்பது சர்வசாதாரணம். 65 டொலருக்காக அந்த அலைக்குள் இறங்குகிறீர்கள். இரண்டு மாதம் கழித்து 100 டொலர் மேலே நின்றால் திறமை என்று நினைப்பீர்கள், 100 டொலர் கீழே நின்றால் அதிர்ஷ்டமில்லை என்று நினைப்பீர்கள். இரண்டில் எதையும் அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

நாலு மேசை என்றால் 13 நொடிக்கு ஒரு கை. பகல் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வந்தவர் இரவு பத்து மணிக்கு அந்த வேகத்தில் முடிவெடுக்க வேண்டும். எட்டு மேசை திறந்தால் புள்ளி இருமடங்கு வேகத்தில் சேரும், யோசிக்கும் நேரம் பாதியாகும். எதிரே இருப்பவர் எப்படி ஆடுகிறார் என்று கவனிக்க நேரமே இல்லாமல், தனக்கு வந்த இரண்டு சீட்டைப் பார்த்து இயந்திரம்போல ஆடுவதுதான் மிஞ்சும்.

நான் அதிகம் பயப்படும் இடம் இதற்கு அடுத்தது. 40ஆவது நாள் வரும். 40 டொலர்தான் விடுவிக்கப்பட்டிருக்கும், 560 டொலர் கண் முன்னால் கிடக்கும். அப்போது “25 சதம்/50 சத மேசைக்குப் போனால் ரேக் கூட, புள்ளி கெதியாகச் சேரும்” என்று மனம் சொல்லும். சொல்வது உண்மைதான், அதனால்தான் அது ஆபத்து. 5 சதம்/10 சத மேசையில் ஒரு முறை உட்கார 10 டொலர் போதும், அங்கே 50 டொலர். நிதானமாக ஆடுபவர்கள் 20, 30 தடவை உட்காரக்கூடிய காசு இல்லாமல் ஒரு மேசைக்குப் போவதில்லை. அந்த மேசைக்கு அது 1,000 முதல் 1,500 டொலர். உங்கள் 600 இரண்டு மோசமான இரவில் தீரும். அடுத்துக் கை நீளுவது வீட்டுக் காசுக்குத்தான்.

நண்பர் பொய் சொல்லவில்லை. போனஸையும் ரேக் சலுகையையும் நம்பியே சம்பாதித்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் புள்ளி சேர்த்து மேல்தரச் சலுகை பெற்றவர்கள் ஒரே நேரத்தில் 20க்கு மேற்பட்ட மேசைகளில் ஆடினார்கள். அதையே முழுநேர வேலையாகச் செய்தவர்கள் அவர்கள். 2015இல் ஆண்டு முழுக்க உழைத்து அடுத்த ஆண்டுச் சலுகைக்காகப் புள்ளி சேர்த்திருந்த நிலையில், அந்த நவம்பரில் நிறுவனம் சலுகைகளைக் குறைப்பதாக அறிவித்தது. டிசெம்பர் 1 முதல் 3 வரை பலர் மேசைகளில் உட்காராமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுவனம் மனம் மாறவில்லை. விதியை எழுதுபவரே மாற்றக்கூடிய வருமானத்தை நான் குடும்பக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெளிநாட்டுத் தளம் வேண்டவே வேண்டாம். ஒன்ராறியோவில் 2022 ஏப்ரல் 4 முதல் அனுமதி பெற்ற தளங்கள் இருக்கின்றன. பிரச்சினை வந்தால் முறையிட இடமாவது உண்டு. 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு நடவடிக்கை எடுத்தபோது ஃபுல் டில்ட் என்ற போக்கர்த் தளத்திடம் ஆட்டக்காரரின் காசைத் திருப்பிக் கொடுக்கப் போதிய பணம் இருக்கவில்லை. அமெரிக்க ஆட்டக்காரர்கள் தங்கள் சொந்தக் காசைப் பார்க்க 2014 வரை காத்திருந்தார்கள்.

கடன் அட்டை பற்றி ஒரே வார்த்தை: கூடாது. சூதாட்டத் தளத்துக்குப் போகும் காசை அட்டை நிறுவனங்கள் பெரும்பாலும் ரொக்க முன்பணமாகவே கணக்கிடும். தனிக் கட்டணம் உண்டு, வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். வீடு வாங்கும்போது முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கடன் கொடுப்பவர் 90 நாள் வங்கிக் கணக்கைக் கேட்பதும் வழமை. அதில் போக்கர்த் தளத்தின் பெயர் வரிசையாக வந்தால் நீங்கள்தான் விளக்கம் சொல்லவேண்டும்.

வரி உங்கள் அளவுக்குப் பெரிய தலையிடி இல்லை. பொழுதுபோக்காக ஆடி வெல்வதற்குக் கனடாவில் வருமான வரி இல்லை. 2010இல் உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் 89 லட்சம் அமெரிக்க டொலர் வென்ற கியூபெக்காரர் ஜொனதன் டுஹாமெலின் வருமானம்கூட வியாபாரமல்ல என்று 2022இல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இணையத்தில் பல மேசைகளில் திட்டம் போட்டு, கணக்கு வைத்து ஆடிய வேறு ஆட்டக்காரர்களின் வருமானத்தை வியாபாரம் என்று தீர்ப்பளித்ததும் உண்டு.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம். ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஒக்டோபர் முதல் 17 டொலர் 60 சதம். அந்தச் சம்பளத்துக்கே 8 மணித்தியாலம் வேலை செய்தால் 140 டொலர், வரிக்கு முன். இரண்டு மாதப் போனஸின் இருமடங்கு ஒரே சனிக்கிழமையில் வருகிறது. உங்கள் சம்பளம் அதைவிடக் கூட. தயவுசெய்து அந்த வேலையை விடாதீர்கள்.

உண்மையான போனஸ் ஒன்று நீங்கள் தொடாமலேயே கிடக்கிறது. முதல் வீட்டுக்கான சேமிப்புக் கணக்கு (FHSA) என்ற தனிக் கணக்கு 2023 ஏப்ரல் முதல் கனடாவில் இருக்கிறது. ஆண்டுக்கு 8,000 டொலர் வரை போடலாம், வாழ்நாளுக்கு 40,000. போடும் காசை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். முதல் வீடு வாங்க எடுக்கும்போது வரி இல்லை. உங்கள் 6,000 டொலரைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கிலிருந்து அங்கே மாற்றினால், உங்கள் சம்பளத்துக்கு வரியில் 1,100 டொலர் அளவில் மிச்சம். நிகர வருமானம் குறைவதால் மகளுக்கு வரும் பிள்ளைகள் உதவித்தொகையும் அடுத்த ஜூலை மாதத்திலிருந்து கொஞ்சம் கூடும். இதற்கு ஒரு கையும் ஆடத் தேவையில்லை. வங்கிக்கு ஒரு முறை போனால் போதும். ஆனால் டிசெம்பர் 31க்கு முன் போடுவதுதான் அந்த ஆண்டுக் கணக்கில் சேரும்.

போக்கர் பிடித்திருந்தால் ஆடுங்கள், தடுக்கமாட்டேன். வீட்டுச் செலவெல்லாம் போன பிறகு படம் பார்க்க வைத்திருக்கும் காசில் 50 டொலர், ஒரே மேசை, வங்கி அட்டையிலிருந்து. தளத்தில் கணக்குத் திறக்கும்போதே மாத வரம்பைப் போட்டுவிடுங்கள். போனஸ் வந்தால் வரட்டும், அதைத் துரத்தி ஒரு மணித்தியாலம்கூட அதிகம் ஆடவேண்டாம்.

கடைசியாக ஒன்று. மனைவிக்குத் தெரியுமா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த 6,000 அவருடைய வீட்டுக் காசும்தான். தொடங்குமுன் இந்தப் பதிலை அவருக்குக் காட்டிக் கதையுங்கள். ஏற்கெனவே கொஞ்சம் போட்டுத் தோற்றிருந்து, அதைத் திரும்ப எடுக்கத்தான் இந்தக் கேள்வி என்றால், சூதாட்டப் பிரச்சினைக்கு உதவும் கனெக்ஸ் ஒன்ராறியோவின் 1-866-531-2600 எண்ணுக்கு அழையுங்கள். இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.