அப்ரண்டிஸ் சட்டமும் நம் எம்பியின் ஓட்டும்

அன்புள்ள ஐயா,

என் மகன் ஐடிஐயில் ஃபிட்டர் முடித்துவிட்டு இங்கே ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருக்கிறான். போன மாதம் பிரஸ் மெஷினில் சிக்கி ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. நஷ்டஈடு கேட்டதற்கு, 'அப்ரண்டிஸ் தொழிலாளி இல்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது' என்றார்கள். அந்தச் சட்டத்துக்கு எங்கள் எம்பி எப்படி ஓட்டுப் போட்டார் என்று தெரிந்துகொள்ள இரண்டு நாள் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கே பார்ப்பது? மகன் இன்னும் அங்கேதான் வேலை பழகுகிறான். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் விரல். உங்களிடம் அவர்கள் சொன்னது 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அதற்கு இரண்டு பிரிவுகள் முன்னால், 16-ஆவது பிரிவில், பயிற்சியின்போது விபத்தில் காயம் பட்டால் நிறுவனம் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. தொழிலாளிக்குக் கணக்கிடுவது போலவே இதையும் கணக்கிட வேண்டும். பயிற்சி ஒப்பந்தத்தின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், விபத்து நடந்த தேதி, ஷிப்ட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தொழிலாளர் துறையில் இழப்பீட்டு வழக்குகளைக் கேட்கும் அதிகாரி இருக்கிறார். அவரிடம் போங்கள். ஓட்டு விஷயத்தை மெதுவாகப் பேசிக்கொள்ளலாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, ஓட்டு. உங்கள் தேடலில் குறை இல்லை. நீங்கள் தேடியது அநேகமாக எங்குமே பதிவாகியிருக்காது. இந்தச் சட்டத்தில் பெரிய திருத்தம் வந்தது 2014-இல். மக்களவையில் ஆகஸ்டிலும் மாநிலங்களவையில் நவம்பரிலும் நிறைவேறியது. சட்டத்தை மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் வரை சிறை என்று முன்பு இருந்ததை எடுத்துவிட்டு அபராதம் மட்டும் போதும் என்று ஆக்கியது அந்தத் திருத்தம்தான். நம் நாடாளுமன்றத்தில் இப்படிப்பட்ட மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள், எது பலமாகக் கேட்டதென்று சபாநாயகர் அறிவிப்பார். யாருடைய பெயரும் எழுதப்படாது. யாராவது ஓர் உறுப்பினர் எழுந்து அதை ஏற்க மறுத்து 'டிவிஷன்' கேட்டால்தான் ஒவ்வொருவர் ஓட்டும் பெயரோடு பதிவாகும். அப்போதும், தேவையில்லை என்று சபாநாயகர் நினைத்தால் உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணி முடித்துவிடலாம். அதிலும் பெயர் வராது.

பெயர் வந்திருந்தாலும் உங்கள் எம்பியின் மனதைப் பற்றி அது அதிகம் சொல்லியிருக்காது. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கட்சிக் கொறடா இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று போடும் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகும். அரசைக் கவிழ்க்கும் ஓட்டுக்கும் ஒரு பயிற்சி மசோதாவின் திருத்தத்துக்கும் அந்தச் சட்டம் எந்த வித்தியாசமும் பார்ப்பதில்லை.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தொழில் பழகுவதைப் பற்றி நம் சென்னை சட்டமன்றமே ஒருமுறை ஓட்டுக்கு ஓட்டு மோதிக்கொண்டது. 1953-இல் ராஜாஜி அரசு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை ஐந்து மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. சவரத் தொழிலாளி மகன் சவரத்துக்கும் குயவர் மகன் சக்கரத்துக்கும் போக வேண்டுமா என்ற கோபத்தில் மக்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் இன்றும் நினைக்கிறேன். திமுகவுக்கு அப்போது சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. போராட்டம் தெருவில் நடந்தது. ஆனால் அந்தச் சத்தம் சபைக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. ஜூலையில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 138, எதிராக 138. சமமாக நின்றதால் அது தோற்றது. அப்புறம் திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பச் சொன்ன தீர்மானம் வந்தது. அது 139-க்கு 137 என்று நிறைவேறியது. ஒரே ஓர் ஆள் பக்கம் மாறியிருந்தாலும் அதுவும் சமமாகி விழுந்திருக்கும். குழு திட்டத்தில் தவறில்லை என்றுதான் அறிக்கை கொடுத்தது. ஆனாலும் மறு ஆண்டு காமராஜர் முதல்வரானதும் திட்டம் போய்விட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்த 138-தான் நினைவுக்கு வந்தது. அன்று அந்தச் சபையில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தன் ஓட்டின் எடை தெரிந்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுதான் என்னை அதிகம் வருத்துவது. உங்கள் மகனைத் தினமும் தொடும் விஷயம், அதாவது ஸ்டைபண்ட் எனும் மாத உதவித்தொகை, ஓட்டுக்கே வருவதில்லை. சட்டம் 'விதிகளில் குறிப்பிடும் குறைந்தபட்சத் தொகை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. தொகையை அரசு விதியாக எழுதி அறிவிக்கிறது. 2014 விதிகளில் அது மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியோடு இணைக்கப்பட்டது. அரைத்திறன் தொழிலாளியின் கூலியில் முதல் வருடம் 70 சதவீதம், அடுத்து 80, பிறகு 90. கூலி ஏறினால் பையனுக்கும் ஏறும். நல்ல ஏற்பாடு. 2019 செப்டம்பரில் அந்த இணைப்பை எடுத்துவிட்டு, படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் என்று குறைந்தபட்சத் தொகையை நிர்ணயித்தார்கள். அதே திருத்தத்தில், ஒரு நிறுவனம் தன் ஆட்களில் 10 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைக்கலாம் என்பதை 15 சதவீதமாக உயர்த்தினார்கள். விலைவாசி ஏறிக்கொண்டே இருந்தது, தொகை அங்கேயே நின்றது. 2025 மே மாதத்தில்தான் அரசுக்கு ஆலோசனை சொல்லும் மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் 36 சதவீதம் உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. இத்தனை லட்சம் பிள்ளைகளின் மாதச் சம்பளம் ஓர் அறிவிப்பில் மாறுகிறது, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட அதற்குக் கை தூக்க வேண்டியதில்லை.

ஆனால் வழி முழுக்க அடைபட்டுவிடவில்லை. இந்த விதிகளை இரண்டு அவைகளின் முன்னும் வைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. மாற்றச் சொல்லியோ ரத்து செய்யச் சொல்லியோ தீர்மானம் கொண்டுவர எந்த எம்பிக்கும் உரிமை உண்டு. ஆகவே 'எப்படி ஓட்டுப் போட்டீர்கள்' என்று உங்கள் எம்பியிடம் கேட்பதைவிட, ஸ்டைபண்டை மறுபடி குறைந்தபட்சக் கூலியோடு இணைக்கச் சொல்லித் தீர்மானம் கொடுப்பீர்களா, அடுத்த திருத்தம் வரும்போது எழுந்து டிவிஷன் கேட்பீர்களா என்று எழுதிக் கேளுங்கள். 2014 விவாதத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் தொகுதிக்காரர் வாய் திறந்தாரா என்பதையாவது அதில் பார்க்கலாம்.

நஷ்டஈட்டு மனு எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். தம்பியிடம் விரல் ஆறும்வரை பிரஸ் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லுங்கள்.