துணியும் துவைக்கணும், ஊரும் பாக்கணும்: 86 நாள் ஐரோப்பா, கேளுங்க சொல்றேன்

நான் கும்பகோணம், ரிட்டையர்டு. நானும் வீட்டுக்காரம்மாவும் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின்னு மாசத்துக்கு ஒரு ஊரா வீடு எடுத்து தங்கி, சமைச்சு துவைச்சு சுத்திட்டு வந்தோம். விசா, டிக்கெட் வெலையெல்லாம் ஏஜென்ட்ட கேளுங்க. எனக்கு தெரிஞ்சது அடுப்படியும் தெருவும்தான்.

மன்னார்குடி: தினம் சுத்தினா துணி எப்ப சார் துவைக்கிறது?

தினம் சுத்துனாத்தானே. மூணு நாள் சுத்தினா ஒரு நாள் வீடு. பாரிஸ்ல லூவர் மியூசியம் செவ்வாய்க்கிழமை லீவு, ஓர்சே மியூசியம் திங்கக்கிழமை லீவு, அதுல ஒண்ண துணி நாளா வெச்சுக்கிட்டோம். தெரு முனையில காசு போட்டு துவைக்கிற கடை இருக்கும், மெஷின் ஓடுற நேரத்துல பக்கத்து பேக்கரியில ரொட்டி வாங்கி பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டா போற வர்ற கூட்டமே ஒரு காட்சிதான். ஆனா காட்டன ட்ரையர்ல போட்றாதீங்க. என் எட்டு முழம் இப்ப ஏழு முழம்.

மாயவரம்: நெய் எடுத்துட்டு போகலாமா?

கூடாது. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க பால் சாமான், கறி எதுவும் ஐரோப்பாக்குள்ள கொண்டு போகக்கூடாது.

திருவாரூர்: நம்ம காய்கறிக்கு அலையணுமா?

அலையறதையே ஊர் பாக்குறதா ஆக்கிக்கங்க. பாரிஸ்ல காரே து நோர் ஸ்டேஷன்கிட்ட லா ஷாப்பெல்னு ஒரு பகுதி, வரிசையா ஈழத்தமிழர் கடைங்க. முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கி, அப்படியே நடந்து சாக்ரே கேர் சர்ச் படியேறினோம், பைக்கு வெளிய முருங்கைக்காய் நீட்டிக்கிட்டு. போட்டோல நான் இருக்கேனோ இல்லையோ முருங்கைக்காய் இருக்கு. ஆம்ஸ்டர்டாம்ல ஆல்பர்ட் கௌப் சந்தை, ஞாயித்துக்கிழமை கிடையாது, அங்கேர்ந்து ரைக்ஸ் மியூசியம் நடக்கிற தூரம். பைய க்ளோக் ரூம்ல குடுத்துட்டு உள்ள போனா 12-ம் நூற்றாண்டு சோழர் நடராஜர் நிக்கிறார். உள்ள கூடு கிடையாது, கட்டியா வார்த்தது, நம்ம சுவாமிமலைல இன்னிக்கும் வார்க்கிற மாதிரியே. இவ செருப்ப கழட்டப் போயிட்டா.

நீடாமங்கலம்: ஜெர்மனில ஞாயித்துக்கிழமை ஷாப்பிங் வெச்சுக்கலாமா?

ஞாயித்துக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமையே பாலும் வெங்காயமும் வாங்கி வெச்சிடுங்க, ஞாயிறு மியூசியத்துக்கு. அவசரம்னா பெரிய ஸ்டேஷனுக்குள்ள ஒண்ணு ரெண்டு கடை திறந்திருக்கும். குடிச்ச காலி பாட்டில தூக்கிப் போடாதீங்க, கடையில இருக்கிற மெஷின்ல திருப்பி போட்டா பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் வரும்.

திருவையாறு: தயிருக்கு என்ன பண்ணீங்க?

நல்ல கேள்வி. காலைல பால காய்ச்சி, கடைத்தயிர்ல ஒரு ஸ்பூன் உரை ஊத்தி, ஓவன்ல சூடு வெக்காம லைட்ட மட்டும் போட்டு உள்ள வெச்சுட்டு கிளம்பிடுவோம். சாயங்காலம் வந்தா உறைஞ்சிருக்கும்.

மன்னார்குடி: உரை எதுக்கு, மிளகாய் காம்பு போட்டாலே உறையும் சார்.

உறையும், முதல் தடவை நீர்த்து வழவழன்னு வரும்.

திருவையாறு: எங்க பாட்டி காம்புலதான் ஆரம்பிப்பாங்க, ரெண்டாவது ஈடு கட்டியா வரும்.

அந்த ரெண்டாவது ஈடு வர்றதுக்குள்ள ஒரு நாள் போயிடும்ல. கடைத்தயிர் வாங்கறப்ப பழம், சக்கரை கலக்காததா பாருங்க, அவ்வளவுதான்.

மன்னார்குடி: அங்க பாலு நம்ம பால் மாதிரி இல்லங்க, அதான் உங்களுக்கு வழவழ.

பால்ல கொறை இல்ல. நீங்க பால எவ்வளவு சூட்டுல உரை ஊத்துறீங்க, அத சொல்லுங்க முதல்ல.

பட்டுக்கோட்டை: 90 நாளுக்கு மேல இருக்கலாமா?

ஷெங்கன், அதாவது ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேர்த்த ஒரே டூரிஸ்ட் விசான்னா 180 நாளுக்குள்ள 90தான். மத்தது ஏஜென்ட்.

நாகப்பட்டினம்: சார், வீட்டு நெய் கொஞ்சமா, சின்ன டப்பால...

மாயவரத்துக்காரருக்கு சொன்னதுதான். டப்பா சின்னதானாலும் நெய் நெய்தான்.

வலங்கைமான்: ஞாயித்துக்கிழமை பெர்லின்ல இறங்குறோம், அரிசி...

சனிக்கிழமை இறங்குங்க. மன்னார்குடிக்காரரே, சூட்ட இன்னும் சொல்லலையே நீங்க?