பாய்மரத்தில் கட்டுண்ட ஒடிசியஸ்: வெடிக்கும் மைக் கோடுகள் குறித்து

வணக்கம். பாய்மரத்தில் கட்டுண்ட கிரேக்கக் காவிய வீரன் ஒடிசியஸையும், மாலுமிகளைப் பாடி அழைக்கும் மாயப் பெண்களான சைரன்களையும் புறக்கோடுகளால் மட்டுமே காட்டும் உங்கள் பழைய ஓவியத்தில், பழுப்புக் கோடுகள் நெடுகத் தாள் வெடிப்பதாகவும், சட்டமிடுபவர் லேமினேட் செய்யச் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதற்கு இசையாதீர்கள். பின்னாளில் பிரிக்க முயன்றால் ஓவியமே சிதைந்துவிடும்.

வெடிப்பு கோடுகளில் மட்டுமே இருப்பதால், ஓக் மரத்தில் பூச்சிகளால் உண்டாகும் காய் போன்ற புடைப்புகளின் டானின் என்னும் துவர்ப்புப் பொருளையும் அன்னபேதியையும் (இரும்பு சல்பேட்) சேர்த்துச் செய்த இரும்பு மையாக அது இருக்கவே வாய்ப்பு மிகுதி. கறுப்பாக இருந்து காலப்போக்கில் பழுப்பாகும் அந்த மையிலுள்ள அமிலமும் இரும்பு அயனிகளும் தாளின் நார்ப்பொருளான செல்லுலோஸைச் சிதைக்கின்றன. ஈரம் பட்டால் அச்சிதைவு விரைவுபடும். ஆகவே நீர் கலந்த பசையோ ஈரத்துணியோ படவிடாமல், அமிலமற்ற அட்டைகளுக்கு இடையே, வளையாதபடி இருட்டில் கிடத்தி வைத்து, தாள் ஓவியங்களைச் செப்பனிடும் வல்லுநரிடம் காட்டுங்கள்.

விற்றவர் சொன்ன 17ஆம் நூற்றாண்டு என்னும் கூற்றை, தாளை ஒளிக்கு எதிரே பார்த்து அந்த வல்லுநரே சோதிப்பார். தாள் செய்யும் அச்சின் கம்பிகள் பதிக்கும் வரிகள் இல்லாத சீரான தாள் ஐரோப்பாவில் 1750களில்தான் புழக்கத்துக்கு வந்தது; எனவே உங்கள் தாளில் அவ்வரிகள் இல்லையென்றால் அக்கூற்று பொருந்தாது. ஆங்கிலச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன், ஒடிசியஸின் கதையைக் கூறும் ஒடிசி காவியத்துக்கு வரைந்து, 1793இல் ரோமில் செதுக்கி அச்சிடப்பட்ட புறக்கோட்டுப் படங்களைப் பலர் படியெடுத்திருக்கிறார்கள் என்பதால், உங்கள் ஓவியத்தை முதலில் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.