எதற்குத் தனி லேயர், எதை மெர்ஜ் செய்யலாம்?

கேள்வி: அலுவலகத்தில் ஃபோட்டோஷாப், வீட்டில் கிம்ப் என இரண்டு பட மென்பொருளிலும் போஸ்டர் வடிவமைக்கிறேன். வேலை முடிவதற்குள் 40 லேயர் சேர்ந்துவிடுகிறது. எதில் என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை. ஒன்றை நகர்த்தப் போனால் வேறொன்று நகர்கிறது. சில சமயம் பிரஷ் வேலையே செய்வதில்லை. குழப்பம் தாங்காமல் எல்லாவற்றையும் மெர்ஜ் செய்தால், மறுநாளே ‘எழுத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள்’ என்கிறார்கள். எத்தனை லேயர் வைத்துக்கொள்வது சரி? எப்போது மெர்ஜ் செய்யலாம்?

பதில்: லேயர் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் போன்றது, மெர்ஜ் என்பது அவற்றை ஒன்றாக்குவது. ஒரு போஸ்டருக்கு 40 லேயர் அதிகம் இல்லை. எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டாம். புது லேயர் போடலாமா என்ற யோசனை வரும்போதெல்லாம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இதை மட்டும் தனியாக மாற்றவோ, நகர்த்தவோ, எடுத்துவிடவோ பின்னால் வேண்டிவருமா? வரும் என்றால் தனி லேயர். வராது என்றால் இருக்கும் லேயரிலேயே வேலையைத் தொடரலாம். போஸ்டரில் தலைப்பு, தேதி, இடம் மூன்றும் தனித்தனியாக மாறக்கூடியவை. அவை மூன்று எழுத்து லேயர்களாகவே கடைசிவரை இருக்கட்டும். மூலையில் நீங்களே பிரஷ்ஷால் வரைந்த இலையில் நரம்புக்கு ஒரு லேயர், நிழலுக்கு ஒரு லேயர் என்று ஐந்து இருந்தால், இலை திருப்தியாக வந்ததும் அந்த ஐந்தையும் ஒன்றாக்கிவிடலாம். நரம்பை மட்டும் இடம் மாற்றச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை.

லேயர் என்ற வசதியின் பயனே மனம் மாறினால் திரும்பி வர இடம் இருப்பதுதான். ஃபோட்டோஷாப்பில் லேயர் 1994-ல், 3.0 பதிப்பில் வந்தது. பல படிகள் பின்னால் போக உதவும் ஹிஸ்டரி பேனல் 1998-ல், 5.0 பதிப்பில்தான் வந்தது. அந்த நான்கு ஆண்டுகளும் திரும்பிப் போக லேயரை விட்டால் பெரிய வழி இல்லை. இப்போது ஹிஸ்டரி இருக்கிறதே என்று நினைக்கலாம். ஃபைலை மூடியதும் அது போய்விடும். மறுநாள் திறக்கும்போது கையில் மிஞ்சுவது லேயர்கள் மட்டும்தான்.

அதனால்தான் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது: இரேசரை ஓரமாக வைத்துவிட்டு மாஸ்க்கைப் பழகுங்கள். இரேசரால் அழித்த பிக்சல் போனது போனதுதான். மாஸ்க் எதையும் அழிப்பதில்லை, மறைக்க மட்டும் செய்யும். மாஸ்க்கில் வெள்ளை உள்ள இடம் தெரியும், கறுப்பு உள்ள இடம் மறையும், சாம்பல் உள்ள இடம் அரைகுறையாகத் தெரியும். அதிகமாக மறைத்துவிட்டீர்களா? வெள்ளை பிரஷ்ஷால் தடவினால் படம் திரும்ப வந்துவிடும்.

ஒரு ஆளின் படத்தை வெள்ளைப் பின்னணியிலிருந்து வெட்டி, உங்கள் போஸ்டரின் கருநீலப் பின்னணியில் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செலக்‌ஷன் (ஆள் இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுப்பது) எடுத்ததும் டெலீட் பொத்தானை அழுத்தாதீர்கள். அந்த செலக்‌ஷனிலிருந்தே மாஸ்க் போடுங்கள். ஆளைச் சுற்றி, குறிப்பாக முடியின் ஓரத்தில், மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். பழைய பின்னணியின் மிச்சம் அது. படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, ஓரம் மென்மையான கறுப்பு பிரஷ்ஷை 30 சதவீத ஒபாசிட்டியில் (அடர்த்தியில்) வைத்து, அந்தக் கோட்டின் மேல் இரண்டு மூன்று முறை இழுங்கள். ஒரே இழுப்பில் மறைத்தால் முடி கத்தரித்தது போல் நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக மறைத்தால்தான் இழைகள் இயல்பாகப் பின்னணியில் கலக்கும். கருநீலத்தில் ஓரம் சரியாகத் தெரியவில்லை என்றால், ஆளுக்குக் கீழே பளிச்சென்ற ஒரு தனி நிற லேயரைத் தற்காலிகமாக வையுங்கள். விட்டுப்போன இடமெல்லாம் கண்ணில் படும். ஃபோட்டோஷாப்பில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சிறு படத்தை கிளிக் செய்தால் மாஸ்க் தற்காலிகமாக விலகும், முன்னும் பின்னும் ஒப்பிடலாம். கிம்பில் அதற்கு கன்ட்ரோலை அழுத்த வேண்டும்.

மாஸ்க்கில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. லேயர் பேனலில் படத்துக்கு ஒரு சிறு கட்டம், மாஸ்க்குக்கு ஒரு சிறு கட்டம் என இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எதைச் சுற்றி விளிம்பு தெரிகிறதோ அதில்தான் நீங்கள் வரைகிறீர்கள். மாஸ்க்கில் வரைவதாக நினைத்துக்கொண்டு படத்தின் மேலேயே கறுப்பு பூசுவது இப்படித்தான் நடக்கிறது. பிரஷ்ஷைத் தொடும் முன் அந்த விளிம்பை ஒரு முறை பாருங்கள்.

அடுத்தது, படத்தைச் சிறிதாக்குவது. சாதாரண லேயரில் 3000 × 2000 பிக்சல் படத்தை 300 × 200-க்குச் சுருக்கி உறுதி செய்துவிட்டால், 60 லட்சம் பிக்சல் 60 ஆயிரம் ஆகிவிடும். நூற்றில் ஒரு பங்குதான் மிச்சம். ‘கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்’ என்று திரும்ப இழுத்தால் மங்கலாகத்தான் வரும். ஃபோட்டோஷாப்பில் சுருக்கும் முன் அந்த லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிடுங்கள். மூலப் படம் உள்ளே அப்படியே இருக்கும், எத்தனை முறை சுருக்கி விரித்தாலும் மூல அளவைத் தாண்டாதவரை தரம் குறையாது. கிம்பில் வேலை செய்யும்போது மூலப் படத்தை ஒரு பிரதி எடுத்து, கண் அடையாளத்தை அணைத்து, அடியில் வைத்துவிடுவது பாதுகாப்பு.

நிறம், வெளிச்சம் மாற்றும்போதெல்லாம் லேயரைப் பிரதி எடுக்கும் பழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். 40 சேர்வதற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். 6000 × 4000 பிக்சல் படம் 8 பிட்டில் நினைவகத்தில் சுமார் 72 எம்.பி. பிடிக்கும், 16 பிட்டில் அதற்கு இரட்டிப்பு. ஒவ்வொரு முழுப் பிரதியும் அவ்வளவு சுமை. இதற்குப் பதில் ஃபோட்டோஷாப்பில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டால் பிக்சல் பிரதியே தேவையில்லை. வெளிச்சத்தை மாற்றும் கர்வ்ஸோ லெவல்ஸோ, எண்களாக மட்டும் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். அது கீழே உள்ள எல்லா லேயரையும் பாதிக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வெட்டி வைத்த ஆளின் நிறம் மட்டும் மாறினால் போதும் என்றால், ஆல்டை அழுத்திக்கொண்டு இரண்டு லேயருக்கும் நடுவில் உள்ள கோட்டில் கிளிக் செய்யுங்கள். அது கிளிப்பிங் மாஸ்க் ஆகி, அடியில் உள்ள அந்த ஒரு லேயரோடு நின்றுவிடும். கிம்பில் 2025-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஃபில்டர்கள் அழியாமல் லேயரோடு ஒட்டி நிற்கின்றன. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் புதுப்பித்துவிடுங்கள், இந்த ஒரு வசதிக்காகவே செய்யலாம்.

மேல் லேயர் கீழ் லேயரோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்பவை பிளெண்ட் மோடுகள். அவற்றில் போஸ்டர் வேலைக்கு முதலில் பழக வேண்டியது மல்டிப்ளை. மேல் பிக்சலின் மதிப்பையும் கீழ் பிக்சலின் மதிப்பையும் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். வெள்ளை என்றால் 255. எனவே வெள்ளை உள்ள இடத்தில் கீழே இருப்பது மாறாமல் தெரியும். வெள்ளைத் தாளில் மையால் போட்ட கையெழுத்தை ஸ்கேன் செய்து வெளிர் பின்னணியின் மேல் வைக்க, வெட்டவே வேண்டாம். மல்டிப்ளை போட்டால் தாள் மறைந்து மை மட்டும் நிற்கும். தாள் சாம்பலாக ஸ்கேன் ஆகியிருந்தால் லேசான அழுக்குக் கட்டம் தெரியும். லெவல்ஸில் வெள்ளை முனையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் அதுவும் போய்விடும். நிழல் போடவும் மல்டிப்ளைதான். கறுப்புப் பின்னணியில் எடுத்த தீப்பொறி, புகை போன்றவற்றுக்கு ஸ்கிரீன் மோடு, அதில் கறுப்பு மறைந்துவிடும்.

சரி, ஒன்றை நகர்த்தினால் வேறொன்று நகரும் தொல்லைக்கு வருவோம். ஃபோட்டோஷாப்பில் மூவ் டூலை எடுத்தால் மேலே ஆட்டோ-செலக்ட் என்று ஒரு டிக் இருக்கும். அது இருந்தால் நீங்கள் பேனலில் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், சுட்டியின் அடியில் உள்ளதுதான் நகரும். டிக்கை எடுத்துவிடுங்கள். கிம்பின் மூவ் டூல் தொடக்கத்திலேயே சுட்டியின் அடியில் உள்ளதை நகர்த்தும்படிதான் அமைந்திருக்கும். டூல் ஆப்ஷனில் ‘தேர்ந்தெடுத்த லேயரை நகர்த்து’ என்ற பொருள் தரும் இரண்டாவது தேர்வுக்கு மாற்றுங்கள். பின்னணியைப் பூட்டி வைத்தால் இன்னும் நிம்மதி.

பிரஷ் வேலை செய்யாதபோது பதற வேண்டாம். எங்கோ ஒரு சிறு செலக்‌ஷன் விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கன்ட்ரோல்-டி அழுத்தினால் ஃபோட்டோஷாப்பில் அது விலகும். கிம்பில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஏ. அப்புறம் லேயர் மறைந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா, எழுத்து லேயரில் நிற்கிறோமா என்று பாருங்கள். கிம்பில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே ஒவ்வொரு லேயருக்கும் தனி அளவு. மஞ்சள் புள்ளிக் கோட்டுக்கு வெளியே பிரஷ் ஓட்டினால் சாதாரணமாக எதுவும் விழாது. லேயர் மெனுவில் லேயரைப் படத்தின் அளவுக்கு விரிக்கும் கட்டளை இருக்கிறது, அதைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

பெயர் வைப்பது, குரூப் செய்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘லேயர் 17 காப்பி 2’ என்று விட்டுவிடாமல் உடனுக்குடன் பெயர் வையுங்கள். எழுத்துகள், ஆள், பின்னணி என்று மூன்று நான்கு குரூப் போதும். ஃபோட்டோஷாப்பில் ஆல்டுடன் கண் அடையாளத்தை கிளிக் செய்தால் அந்த லேயர் மட்டும் தெரியும், கிம்பில் ஷிஃப்டுடன். பழைய ஃபைலில் எது என்ன என்று துழாவ இதைவிட வேகமான வழி இல்லை.

கடைசியில் முழுப் படத்தையும் ஷார்ப் செய்ய வேண்டும் என்பது போன்ற வேலைக்காக மெர்ஜ் செய்கிறீர்கள் என்றால், அதற்கும் மாற்று உண்டு. ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல்-ஆல்ட்-ஷிஃப்ட்-ஈ அழுத்துங்கள். மேல் லேயரில் நின்றுகொண்டு அழுத்தினால், கண்ணுக்குத் தெரியும் எல்லாம் சேர்ந்த புது லேயர் ஒன்று உச்சியில் வரும். அடியில் உள்ளவை தொடப்படாமல் இருக்கும். கிம்பில் லேயர் மெனுவிலேயே தெரிவதிலிருந்து புது லேயர் எடுக்கும் கட்டளை உண்டு. எல்லா லேயரையும் ஒன்றாக்கிவிடும் ஃபிளாட்டன் கட்டளையை, அனுப்ப வேண்டிய பிரதியில் மட்டும் பயன்படுத்துங்கள்.

சேமிப்பதில் கவனம்: ஜேபெக்கில் லேயரும் இருக்காது, ஒளிபுகும் இடமும் இருக்காது. பி.என்.ஜி. ஒளிபுகும் இடத்தைக் காக்கும், லேயரைக் காக்காது. வேலை நடக்கும் ஃபைல் ஃபோட்டோஷாப்பில் பி.எஸ்.டி.யாகவும் கிம்பில் எக்ஸ்.சி.எஃப்.பாகவும் இருக்கட்டும். பி.எஸ்.டி. 2 ஜி.பி. வரைதான் தாங்கும், அதைத் தாண்டினால் பி.எஸ்.பி. வடிவம். நீங்கள் அலுவலக ஃபைலை வீட்டில் கிம்பில் திறப்பதால் ஒரு எச்சரிக்கை: லேயர்கள் வந்தாலும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் திருத்தக்கூடியதாக வராது, அட்ஜஸ்ட்மென்ட் லேயரும் எழுத்தும் எஃபெக்ட்டும் எல்லா நேரமும் அப்படியே வந்துவிடும் என்று நம்ப முடியாது. அதனால் வீட்டில் செய்ததை மூல பி.எஸ்.டி.யின் மேலேயே எழுதிவிடாமல் வேறு பெயரில் சேமித்து, தேவையான லேயரை மட்டும் அலுவலக ஃபைலுக்குள் இழுத்துப் போடுங்கள்.