சாகோஸ் தீவுகள்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரஷ்யா, சீனா என்றால் சர்வதேசச் சட்டம் பேசும் பிரிட்டன் சாகோஸில் என்ன செய்தது ஐயா?

பதில்: மொரீஷியஸ் விடுதலை பெற்றது 1968ல். அதற்கு முன்பே, 1965ல், அதன் நிர்வாகத்தில் இருந்த, இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளை பிரிட்டன் தனியே பிரித்து வைத்துக்கொண்டது. ஈடாகக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. அமெரிக்காவுக்கு அவற்றில் பெரிய தீவான டியேகோ கார்சியாவில் ராணுவத் தளம் வேண்டும், அதுவும் ஆளில்லாத தீவாக. ஆனால் அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் இருந்தார்கள். தென்னந்தோப்பு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள், இந்தியக் கூலிகளின் வம்சம் அவர்கள். 1973க்குள் 1,500 பேருக்கு மேல் அப்புறப்படுத்தப்பட்டார்கள். வைத்தியத்துக்காக மொரீஷியஸ் போனவர்களைத் திரும்பிவரக் கப்பலேற விடவில்லை. 1971ல் தீவின் நாய்களைப் பிடித்து, கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். அடுத்து நாம்தானோ என்று ஜனங்கள் நடுங்கியதில் ஆச்சரியம் என்ன? 1966ல் லண்டன் வெளியுறவுத் துறைக் குறிப்பு ஒன்று இவர்களை ‘சில டார்சான்கள்’ என்று கேலி செய்கிறது.

கேள்வி: ஃபாக்லாந்தோடு ஒப்பிடுகிறார்களே, சரியா?

பதில்: ரொம்பச் சரி. ஃபாக்லாந்து தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் ஆளும் தீவுகள், அர்ஜென்டினாவும் உரிமை கோருகிறது. 1982ல் அங்கே இருந்தவர்கள் சுமார் 1,800 பேர், பெரும்பாலும் பிரிட்டிஷ் வம்சாவளி வெள்ளையர்கள். அவர்களின் விருப்பமே முக்கியம் என்று பிரதமர் தாட்சரின் அரசு கப்பற்படையை அனுப்பி, தீவுகளைப் பிடித்த அர்ஜென்டினாவோடு போரிட்டது. பிரிட்டனோடு இருப்பதா என்று 2013ல் வாக்கெடுப்பும் நடந்தது. சாகோஸிலும் ஏறக்குறைய அதே அளவு மக்கள்தான். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தளம் வேண்டியிருந்ததே என்பார்கள். ஃபாக்லாந்திலும்தான் விமானப்படைத் தளம் இருக்கிறது, அதற்காக ஊரைக் காலி செய்யச் சொன்னார்களா? தோலின் நிறம் என்ற காரணத்தை ஒதுக்கிவிட்டு இதை விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: சர்வதேச நீதிமன்றம் சொன்னது வெறும் ஆலோசனைதானே?

பதில்: ஆமாம். 2019ல் 13க்கு 1 என்ற கணக்கில், தீவுகளைப் பிரித்தது சட்டப்படி செல்லாது என்றது. ஐநா பொதுச்சபையும் 116க்கு 6 என்று மொரீஷியஸ் பக்கம் நின்றது. “கட்டுப்படுத்தாது” என்றது பிரிட்டன். ஏட்டளவில் சரிதான். பிலிப்பைன்ஸ் தொடுத்த தென்சீனக் கடல் வழக்கின் 2016 தீர்ப்பு சீனாவைக் கட்டுப்படுத்தும். இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. ஆனால் 2015ஐப் பாருங்கள். சாகோஸைச் சுற்றி பிரிட்டன் அறிவித்த கடல் காப்பகம் ஒப்பந்த மீறல் என்று நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. சீனா மீறியதாகச் சொல்லும் அதே கடல்சட்ட ஒப்பந்தம்தான். இது கட்டுப்படுத்தும் தீர்ப்பு. அப்புறமும் காப்பகம் அப்படியே இருந்தது.

கேள்வி: அப்படியானால் உக்ரைன் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன யோக்கியதை?

பதில்: குறைவுதான். அதனால் ரஷ்யா செய்தது சரியாகிவிடுமா? 2022 பிப்ரவரியில் கென்யாவின் ஐநா தூதர் மார்ட்டின் கிமானி பேசியதே என் நிலைப்பாடும். எங்கள் எல்லைகளைக் கீறியது லண்டன், பாரிஸ், லிஸ்பன். இருந்தும் அவற்றோடு வாழ ஒப்புக்கொண்டோம் என்று சொல்லி ரஷ்யாவைக் கண்டித்தார். சட்டத்தை மீறும் மற்ற வல்லரசுகளையும் அதே பேச்சில் விட்டுவைக்கவில்லை.

கேள்வி: அங்கே ஈழத்தமிழர்கள் சிக்கினார்களாமே?

பதில்: 2021 அக்டோபரில் படகு பழுதாகி டியேகோ கார்சியாவில் கரை சேர்ந்தவர்கள். குழந்தைகளோடு வருடக்கணக்கில் கூடாரவாசம். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் பிரிட்டன் ஆளும் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே சொன்னது.

கேள்வி: புது ஒப்பந்தத்தால் பிரச்சினை தீர்ந்ததா?

பதில்: 2025 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தப்படி இறையாண்மை மொரீஷியஸுக்கு, டியேகோ கார்சியா 99 வருடக் குத்தகையில் பிரிட்டனுக்கு. பேச்சுவார்த்தையில் சாகோஸ் மக்களுக்கு நாற்காலி போடவில்லை, இரண்டு அரசுகளுமே. மற்ற தீவுகளில் மக்களை மொரீஷியஸ் குடியேற்றலாம். டியேகோ கார்சியாவில் கூடாது.