பொரித்த எண்ணெய் திருட்டுப் போனால் புகார் எடுபடுமா? அதை வீட்டிலேயே பயோடீசலாக்கலாமா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் எண்ணெய் பரோட்டா கடை நடத்துகிறேன். தினமும் நான்கு டின் பாமாயில் ஓடும். பொரித்து முடிந்த எண்ணெயை 15 லிட்டர் டின்களில் பிடித்து, ஒப்பந்தம் போட்ட கம்பெனிக்கு லிட்டர் 50 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். இரண்டு மாதத்தில் மூன்று முறை திருட்டு. முதல் இரண்டு முறை கொல்லையில் திறந்தவெளியில் இருந்த இரண்டிரண்டு டின்கள் போயின. மூன்றாவது முறை பின்பக்கத் தகர ஷெட்டின் பூட்டை ராத்திரியில் உடைத்து எட்டு டின்களைத் தூக்கிவிட்டார்கள். சிசிடிவியில் ஒரு மினி வேன் தெரிகிறது. ஸ்டேஷனில், "கழிவு எண்ணெய்க்கெல்லாம் கேஸா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த என் மைத்துனர் மகன், "கொடுக்கவும் வேண்டாம், பறிகொடுக்கவும் வேண்டாம் மாமா. நாமே பயோடீசல் காய்ச்சி லோடு ஆட்டோவுக்கும் ஜெனரேட்டருக்கும் ஊற்றிக்கொள்ளலாம்" என்கிறான். 200 லிட்டர் டிரம் வாங்கியாயிற்று. தெரிந்தவர் மூலமாக 20 லிட்டர் மெத்தனாலும் வந்து அதே ஷெட்டில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: திருட்டைப் பற்றிக் கேட்கத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களை இப்போது உடனடியாக ஆபத்தில் வைத்திருப்பது அந்த 20 லிட்டர் கேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டில் மெத்தனால் மற்ற ரசாயனங்களைப் போலக் கடையில் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் 1959-இல் போடப்பட்ட விதிகள் அதற்கென்றே இருக்கின்றன. வாங்க, வைத்திருக்க, கொண்டுபோக உரிமம் வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்த விஷச் சாராயச் சாவுகளுக்குக் காரணம் இதே மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பிறகு தண்டனைகளைக் கடுமையாக்கிச் சட்டத்தையே திருத்தினார்கள். இந்த நிலையில், உரிமமில்லாத மெத்தனால் கேன் ஒன்று ஓட்டல் ஷெட்டில் அகப்பட்டால், "பயோடீசலுக்கு வாங்கினேன்" என்ற விளக்கத்தைப் பிறகு நீதிமன்றத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கும். வண்டியில் ஏற்றித் திருப்பிக் கொடுக்கப் போவதும் உரிமமில்லாமல் கொண்டுபோவதாகும். சாக்கடையில் ஊற்றுவது அதைவிட மோசம். யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது. உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள உதவி ஆணையரிடம் (ஆயம், அதாவது மதுவிலக்கைப் பார்ப்பவர்), எப்போது, எவ்வளவு, எதற்காக வந்தது என்று எழுதிக் கொடுங்கள்; கேனை நீங்களே தூக்கிக்கொண்டு போகாமல், அங்கே சொல்லும் முறையில் ஒப்படைத்துவிடுங்கள். அதுவரை மூடியைத் திறக்க வேண்டாம். கேஸ் சிலிண்டர் அந்த ஷெட்டில் இருந்தால் இன்றைக்கே சிலிண்டரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

முக்கியமான ஒன்று: உடைபட்ட ஷெட்டைப் பார்க்கப் போலீஸ் வரும். அதனால் இந்த ஒப்படைப்பு முதலில் முடியட்டும். ஆனால் ஒரு நாள், இரண்டு நாளில் முடியட்டும். புகாரைத் தள்ளிப்போட இதைக் காரணமாக்காதீர்கள்.

இனி திருட்டு. "கழிவு" என்ற பெயரால் ஒரு பொருள் யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் (குற்றங்களுக்கான புதிய தண்டனைச் சட்டம்) 303-ஆம் பிரிவு பார்ப்பது ஒன்றைத்தான்: உங்கள் கைவசம் இருந்த அசையும் பொருளை உங்கள் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தார்களா? லிட்டருக்கு 50 ரூபாய் கிடைக்கும் எண்ணெய் அதில் அடங்காமல் போகாது. ஒப்பந்தப்படி எண்ணெய் எப்போது கம்பெனிக்குச் சொந்தமாகிறது என்பதையும் பாருங்கள். எடை போட்டு ஏற்றிய பிறகுதான் என்று இருந்தால் நஷ்டம் உங்களுடையது. யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், உங்கள் கைவசம் இருந்து போனதால் புகார் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஸ்டேஷனில் சொன்னதற்குப் பின்னால் ஒரு சட்டக் காரணம் இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டால்தான் பதில் சொல்ல முடியும். புதிய சட்டத்தில், திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை குற்றவாளியாகித் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. இந்த வகைத் திருட்டை, மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றமாக நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) அட்டவணை வைத்திருக்கிறது. உங்கள் முதல் இரண்டு திருட்டும் அதில் விழுகின்றன: இரண்டு டின், 30 லிட்டர், 1,500 ரூபாய். அவற்றுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் சீட்டு) கிடைத்தாலே பெரிது.

மூன்றாவது திருட்டு அப்படி அல்ல. எட்டு டின் என்றால் 120 லிட்டர், 6,000 ரூபாய். அதைவிட முக்கியம், பூட்டிய ஷெட். பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்திலிருந்து திருடினால் 305-ஆம் பிரிவு; ஏழு ஆண்டு வரை சிறை. ராத்திரியில் பூட்டை உடைத்துத் திருட நுழைந்தது 331(4). பதினான்கு ஆண்டு வரை போகலாம். இவற்றில் 5,000 ரூபாய்க் கணக்கே கிடையாது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு, எஃப்.ஐ.ஆர். போடும் முன் 14 நாள் பூர்வாங்க விசாரணை என்று ஓர் இடம் இருக்கிறதே, அதையும் இங்கே காட்ட முடியாது. எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும்.

ஆகவே புகாரை மூன்றாவது திருட்டிலிருந்து தொடங்கி எழுதுங்கள். முதல் வரியிலேயே ஷெட், பூட்டு, ராத்திரி மணி, டின் எண்ணிக்கை, லிட்டர், ரூபாய் வந்துவிட வேண்டும். உடைந்த பூட்டைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் வைத்திருங்கள். முந்தைய இரண்டையும் தேதியோடு கீழே சேருங்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிறான் என்பதற்கு அவை துணை. மதிப்பை ஏற்றி எழுத வேண்டாம். ஒப்பந்த விலையும் பழைய ரசீதுகளும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு இடத்தில் பொய் என்றானால் மற்றதும் நிற்காது. கடைப் பையன் யாராவது தகவல் கொடுத்திருப்பான் என்று சந்தேகம் இருந்தால் அதற்கான காரணத்தை மட்டும் எழுதுங்கள், பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாதீர்கள். வேலையாள் முதலாளியின் பொருளைத் திருடினால் 306. அதற்கும் ஏழு ஆண்டு வரை உண்டு. எண்ணெயைத் தெரிந்தே வாங்கியவர் மேல் 317(2) வரும். உண்மையில் இந்தத் தொழிலை ஓடவைப்பவர் அவர்தான். அதனால் விசாரணை அங்கே வரை போக வேண்டும் என்று புகாரிலேயே கேளுங்கள்.

ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-இன் கீழ் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அதே புகாரை அனுப்புங்கள். அதற்கும் பயன் இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் 175(3) மனு. ஆன்லைனில் புகார் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இதை மறந்துவிட்டு, புகார் கொடுத்தேனே என்று காத்திருப்பவர்கள் அதிகம்.

சிசிடிவியின் பதிவுக் கருவியான டிவிஆரில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது பதியும். இன்றைக்கே மூல ஃபைலை பென்டிரைவில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த துண்டு வீடியோ போதாது. அனுப்பும்போது அது சுருங்கி வேறு ஃபைலாகிவிடும். சாக்ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில் இரண்டு பகுதி உண்டு. கருவியைப் பராமரிப்பவர் ஒன்றில் கையெழுத்திட வேண்டும், நிபுணர் ஒன்றில். ஃபைலின் ஹாஷ் மதிப்பும் (ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) அதில் வரும். டிவிஆர் கடிகாரம் எத்தனை நிமிஷம் முன்னே பின்னே ஓடுகிறது என்பதையும் எழுதி வையுங்கள். வேனின் நேரமும் டோல்கேட் பதிவும் பொருந்தாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

புகாரின் ஒரு நகல் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்கும் போகட்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்வதால் சேரும் கெடுபொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் மறுபடி சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள், எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழித்தோம், யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடமே கொடுக்க வேண்டும் என்பது 2019 மார்ச் 1 முதல். நீங்கள் நாளுக்கு 60 லிட்டர். திருடுபவன் அதை எரிபொருளாக்குவான் என்பது நிச்சயமில்லை. வடிகட்டி, நல்ல எண்ணெயோடு கலந்து, தள்ளுவண்டிக் கடைகளுக்கு மலிவாகத் தள்ளுவதும் நடக்கிறது. நாளைக்கு அது பிடிபட்டு, டின்னில் உங்கள் கடை அடையாளம் இருந்தால், நீங்கள் விற்கவில்லை, திருட்டுப் போனது என்பதற்கு அன்றைய தேதியிட்ட புகார் மட்டுமே ஆதாரம். பதிவேட்டிலும் "திருட்டு, 120 லிட்டர், புகார் எண்" என்று எழுதுங்கள். ஒப்பந்தக் கம்பெனிக்கும் கடிதம் போகட்டும். மாதம் இவ்வளவு தருவேன் என்று ஒப்புக்கொண்டிருந்தால் குறைவுக்கு விளக்கம் அதுவே.

திருடனுக்குப் பாடம் புகட்ட டின்னில் பினாயிலோ வேறெதுவோ கலந்து வைக்க நினைக்காதீர்கள். அது யார் வயிற்றுக்குள் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. போனால் முதல் குற்றவாளி நீங்கள். கையும் களவுமாகப் பிடித்தால் அடிக்காமல் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படையுங்கள். கொல்லையில் ஒரு டின் தூக்குகிறவனைப் பிடித்து வைக்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா என்பதே 5,000 ரூபாய்க் கணக்கால் சந்தேகத்துக்குரியது. அங்கே வண்டி எண்ணைப் படம் எடுத்தால் போதும். இனி எண்ணெய் ஒரு டின்கூடத் திறந்தவெளியில் இருக்க வேண்டாம். பூட்டிய அறையில் வைத்தால் திருடுவதும் கடினம், சட்டமும் உங்கள் பக்கம் கனக்கும்.

மைத்துனர் மகனின் யோசனைக்கு வருகிறேன். பையன் சொல்லும் வேதியியல் சரிதான். ஆனால் எழுதிப் பார்த்தால் சுலபமாகத் தெரிவதும், ஓட்டல் ஷெட்டில் நடப்பதும் ஒன்றல்ல. 100 லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 20 லிட்டர் மெத்தனால், அதில் கரைத்த காஸ்டிக் சோடா. 55, 60 டிகிரியில் வைத்துக் கலக்க வேண்டும். மெத்தனால் கொதிப்பது 64.7 டிகிரியில். கலக்கும் சூட்டுக்கும் கொதிநிலைக்கும் நடுவே இருப்பது ஐந்து டிகிரி. அதன் ஆவி தீப்பிடிக்க 11 டிகிரியே போதும். விருதுநகரில் மார்கழி விடியற்காலையில்கூட அதைவிடச் சூடாக இருக்கும். மூடாத டிரம், டிரில் மிஷினில் மாட்டிய கலக்கி, வாட்டர் ஹீட்டர் ராடு: வீட்டில் செய்கிறவர்கள் வைத்துக்கொள்ளும் இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு பொறி போதும். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. எரிகிறது என்று தெரிவதற்குள் உடலில் பற்றியிருக்கும். ஓட்டலில் கைக்கு அகப்படும் அலுமினிய அண்டாவில் காஸ்டிக் சோடாவைக் கரைத்தால் ஹைட்ரஜன் வாயு பொங்கும், அதுவும் எரியும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் மெத்தனால் உடலில் ஏறும். 10 மில்லி உள்ளே போனால் பார்வை போகலாம், 30 மில்லி உயிரையே எடுக்கலாம். கடைப் பையன்கள் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த எதையும் குடிக்கிற இடம் அது.

தீ விபத்தே இல்லாமல் காய்ச்சி முடித்தாலும் பிரச்சினை தீராது. பரோட்டாக் கல்லில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் அமிலம் அதிகம், தண்ணீரும் இருக்கும். டைட்ரேஷன் (அமிலம் எவ்வளவு என்று அளக்கும் சோதனை) செய்து காஸ்டிக் அளவைக் கூட்டாவிட்டால் பாதி எண்ணெய் மாறாமல் நிற்கும். கூட்டினால் சோப்பு கட்டும். வினைக்கு உண்மையில் செலவாவது 12 லிட்டர் சொச்சம் மெத்தனால்தான். மிச்சம் ஏழெட்டு லிட்டர், மேலே மிதக்கும் பயோடீசலிலும் அடியில் தங்கும் கிளிசரினிலும் கலந்து கிடக்கும். அதனால்தான் நம் தர விதி, ஐ.எஸ். 15607, பயோடீசலில் மெத்தனால் 0.2 சதவீதத்துக்கு மேல் கூடாது, தீப்பற்றும் நிலை குறைந்தது 101 டிகிரி என்கிறது. கழுவி, உலர்த்தி, சோதிக்காத எண்ணெயை டீசல் மாதிரி பத்திரமானது என்று நினைத்து ஷெட்டில் வைத்தால் பெட்ரோல் வைத்ததற்குச் சமம். கழுவிய தண்ணீர் காஸ்டிக்கும் மெத்தனாலும் கலந்த கழிவு; கால்வாயில் விட முடியாது. எண்ணெய் துடைத்த துணிக் குவியல் தானாகவே சூடேறிப் பற்றலாம். வண்டியில் ஊற்றினால் கிளிசரினும் சோப்பும் இன்ஜெக்டரை அடைக்கும், ரப்பர் ஹோஸ் ஊதிப் போகும். பாமாயிலில் செய்தது கொடைக்கானல் குளிரில் டேங்கிலேயே உறையும். உத்தரவாதத்தையும் இன்ஷூரன்ஸையும் கம்பெனிகள் மறுக்க இது ஒரு நல்ல காரணம்.

சட்டப்படி, தீ விஷயத்தில் அலட்சியமாக இருந்ததற்கே நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஒருவர் இறந்தால் 106(1), ஐந்து ஆண்டு வரை. அண்டை வீட்டாரின் பொருள் எரிந்து போனால் அதற்கு நஷ்ட ஈடும் உங்கள் தலையில். கூடவே, நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் ஓடும் கடை, கழித்த எண்ணெயை உரிமமில்லாத உறவுக்காரப் பையனிடம் கொடுத்தேன் என்று பதிவேட்டில் எழுத முடியாது. மீந்ததை லாரிக்காரர்களுக்கு விற்கலாம் என்று அவன் சொன்னால், எரிபொருள் விற்பனைக்கு மத்திய அரசின் 2019 வழிகாட்டுதல்களும் அத்தியாவசியப் பொருட்கள் சட்டமும் குறுக்கே நிற்கின்றன. அந்தச் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

பையனுக்கு உண்மையிலேயே இதில் ஆர்வம் இருந்தால், சேகரிப்பு நிறுவனத்திலோ அனுமதி பெற்ற பயோடீசல் ஆலையிலோ வேலைக்குப் போகச் சொல்லுங்கள்; கையில் டிப்ளமோ இருக்கிறது. வாங்கிய டிரம்மைக் கழுவி, மூடி போட்டு, பூட்டிய அறையில் எண்ணெய் பிடிக்கவே வைத்துக்கொள்ளலாம். எட்டு டின்னைத் தூக்குகிற மாதிரி நிறைந்த 200 லிட்டர் டிரம்மை ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.